கடலைப் பார்த்துப் போட்ட கதிரை

உலகத்தில் வேலை செய்யத் தெரிந்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் முதல் வரிசையில் நான் இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஓய்வெடுக்கத் தெரிந்த தமிழர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் ஹனோவரில் ரொட்டி சுடும் ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். அவருடைய சொந்தப் பெயரை எழுதினால் எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் விளங்காது. எல்லோருக்கும் அவர் உர்லாப்பர்.

உர்லாப் என்றால் ஜெர்மன் மொழியில் விடுமுறை. யாழ்ப்பாணத்தார் நாங்கள் பட்டம் வைத்தாலும் மரியாதை குறையாமல்தான் வைப்போம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கதையின் அருமை தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த தொடர்பு முடிந்துவிட்டது. நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். ஜெர்மனியில் வந்து இறங்கியபோது குளிர் தாங்காத ஒரு சட்டையும் இரண்டு கையும்தான் என்னிடம் இருந்தன. இன்றைக்கு எனக்கென்று ஒரு துப்புரவுக் கம்பனி இருக்கிறது. ஹனோவரில் ஏதாவது ஒரு பெரிய கட்டடத்துக்குள் போய்க் குனியும்போது தரையில் உங்கள் முகம் உங்களுக்கே தெரிந்தால், அது என் ஆட்கள் துடைத்த தரை. எப்படித் துடைப்பது என்று காட்டிக்கொடுத்தவன் நான்.

அகதிகளாக வந்த காலத்தில் உர்லாப்பரையும் என்னையும் வேறு சிலரையும் ஒரே அறையில் விட்டார்கள். வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் எல்லோரும் ஒரே பாண் தொழிற்சாலையில் சேர்ந்தோம். முதல் விடுமுறை வந்தது. நாங்கள் என்ன செய்தோம்? விடுமுறை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் வேலைக்குப் போனோம். ஒருவன் உணவகத்தில் கோப்பை கழுவினான். இன்னொருவன் வீடு வீடாகப் பேப்பர் போட்டான். நான் இரண்டையும் செய்துவிட்டு, இடையில் ஓர் இத்தாலியனுடைய வீட்டுக்குப் பெயின்றும் அடித்தேன். உர்லாப்பர் மட்டும் ஒரு கதிரையை இழுத்து ஜன்னலைப் பார்த்துப் போட்டுவிட்டு அதில் உட்கார்ந்தார். சாப்பிடப் போவார், படுக்கப் போவார், பிறகு திரும்பி வந்து அதே கதிரையில் இருப்பார். வெளியே பார்க்க என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு மரம். அதுவும் குளிர்காலத்து மரம், ஓர் இலைகூட இல்லை.

அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பாக இருந்த ஜெர்மன்காரி பயந்துபோய் டொக்டரைக் கூட்டிவந்தாள். டொக்டர் உர்லாப்பரின் நாடியைப் பிடித்தார், நாக்கைப் பார்த்தார். பிறகு போட்ட சப்பாத்தோடு கட்டிலில் விழுந்து கிடந்த எங்களைப் பார்த்தார். "இவருக்கு ஒன்றும் இல்லை. மற்றவர்களை எப்போது என்னிடம் கொண்டுவருகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குத்தான் உர்லாப்பருக்கு அந்தப் பட்டம் விழுந்தது.

கதிரையைத் திருப்பிப் போடும் பழக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை. கலியாண மண்டபத்துக்கு வருவார், எல்லோருக்கும் வணக்கம் சொல்லுவார், பிறகு கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்துவிடுவார். மணவறை அவருடைய முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஹனோவர்த் தமிழருடைய எந்தக் கலியாண அல்பத்தைப் புரட்டினாலும் ஒரு பிடரி இருக்கும். அது உர்லாப்பருடையது. என் மூத்த மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டு வீடியோவிலும் அந்தப் பிடரி இருக்கிறது. என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, நாங்கள் இவ்வளவு சோடிச்சு வைச்சிருக்கிறம். நீங்கள் கார் விடுற இடத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்," என்றாள்.

"முகத்துக்கு முகம் பாத்தா கதைக்க வேணும், பிள்ளை. கதைக்க வெளிக்கிட்டா ஆரையாவது பற்றித்தான் கதைக்க வேணும். கார் விடுற இடத்தில அந்தக் கரைச்சல் இல்லை."

எங்கள் ஆட்களுக்கு விடுமுறைப் பயணம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். லண்டனில் கலியாணம், பாரிசில் சாமத்தியவீடு, ரொறன்ரோவில் செத்தவீடு. சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு நாங்கள் ரிக்கற் எடுப்பதில்லை. உர்லாப்பர் ஒவ்வொரு கோடையும் கிரேக்க நாட்டில் ஒரு சின்னத் தீவுக்குப் போவார். பாண் தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்த யானிஸ் என்ற கிரேக்கர் பென்சன் எடுத்துக்கொண்டு சொந்தத் தீவுக்குப் போய், கடற்கரையில் ஒரு கோப்பிக் கடையும் நாலைந்து வாடகை அறைகளும் கட்டினார். போகும்போது எங்கள் எல்லோரையும்தான் வரச்சொன்னார். தீவின் பெயரைக்கூட மற்றவர்கள் ஒருவரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. போனது இவர் ஒருவர்தான்.

நான் ஒருமுறை கேட்டேன். "அண்ணை, அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பேந்து ஏன் போறியள்?"

"அதுக்குத்தான்."

பாவம், மண்டையில் ஏதோ பிசகு என்று நினைத்துக்கொண்டேன். பிசகு எனக்குத்தான் வந்தது, ஆனால் நெஞ்சில். ஒரு நாள் காலை வேலைத்தளத்தில் வாளியோடு சேர்ந்து விழுந்தேன். ஆஸ்பத்திரியில் இதயக் குழாய்க்குள் கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு விடும்போது டொக்டர் என்னை விட்டுவிட்டு என் மூத்தவளிடம் பேசினார். மருந்து பாதி வேலைதான் செய்யும், மிச்சத்தை ஓய்வுதான் செய்யவேண்டும், இந்த மனுசன் இப்படியே ஓடினால் அடுத்தமுறை கம்பிக்கும் நேரம் இருக்காது என்றாராம். வீட்டுக்கு வந்த கையோடு நான் போனை எடுத்து ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கத் தொடங்கினேன். மூத்தவள் என்னோடு கம்பனியில் வேலை செய்பவள். ஹனோவரில் பிறந்தவள், ஆனால் கோபம் முழுக்க யாழ்ப்பாணத்துக் கோபம். போனைப் பறித்தாள்.

"அப்பா, நீங்கள் உர்லாப் எடுக்காட்டி நான் வேலையை விட்டிட்டுப் போறன். சாகப்போற முதலாளியிட்ட எனக்கு வேலை செய்ய ஏலாது."

அவள் சொன்னதைச் செய்கிறவள். என்னைப்போல.

என் மனைவி அன்றைக்கே உர்லாப்பரின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று அழுதிருக்கிறாள். "இந்த மனுசனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது, அண்ணை. நீங்கள் போற இடத்துக்கு இவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ. உயிரோட கொண்டுவந்து தாங்கோ." இத்தனை வருடத்தில் உர்லாப்பர் ஒருவரையும் அந்தத் தீவுக்குக் கூட்டிப்போனதில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாராம். பிறகு, "கூட்டிக்கொண்டு போறன். ஆனா எங்க போறம் எண்டு உமக்கு மட்டும்தான் தெரியவேணும், பிள்ளை," என்றாராம்.

ஏதென்சுக்குப் பிளேன், அங்கிருந்து பெரிய கப்பல், பிறகு ஒரு சின்னப் படகு. படகு வாரத்தில் இரண்டு தடவைதான் வரும். தீவில் ஒரு கடை, ஒரு சின்னத் தேவாலயம், ஆட்களைவிட அதிகமாக ஆடுகள். வாகனச் சத்தம் என்று பார்த்தால் யானிசின் ஒற்றை மோட்டார் சைக்கிள், அதுவும் பழுது. போனில் கதைக்கவேண்டுமென்றால் தேவாலயத்து மேட்டில் ஏறி நிற்கவேண்டும்.

முதல் நாள் காலை உர்லாப்பர் எழும்ப முன்னமே நான் எங்கள் அறையைக் கூட்டி, வாசற்படியைக் கழுவி, யானிசின் கடை மேசைகளைத் துடைத்து முடித்துவிட்டேன். அடுத்ததாகத் தேவாலயத்துக்குப் போனேன். அந்தத் தரைக்கு அப்படி ஒரு கை பட்டு எத்தனை காலமோ. பூசை வைக்க வந்த பாதிரியார் உள்ளே கால் வைத்ததும் வழுக்கி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மினுக்கம் அப்படி. யானிஸ் ஓடிப்போய் உர்லாப்பரை எழுப்பிக் கூட்டிவந்தார்.

"தம்பி, கோயில் போதும். வந்து இதில இரும்," என்றார் உர்லாப்பர். கடலைப் பார்த்து இரண்டு கதிரை போட்டிருந்தார்.

இருந்தேன். என் கால் தானாக ஆடியது. "இனி என்ன செய்யிறது, அண்ணை?"

"ஒண்டும் இல்லை."

"அது முடிஞ்சு?"

"பேந்தும் அதுதான்."

உழைத்தே வளர்ந்த உடம்பு ஐயா, இதற்குப் பழக்கமில்லை. நெஞ்சு படபடத்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் எப்படியோ தெரிந்துகொண்டார். "முழுக் கடலையும் பாக்காதையும், தம்பி. ஒரு அலையைப் பிடியும். அது கரைக்கு வந்தா விடும். பேந்து இன்னொண்டைப் பிடியும்."

இது ஒரு வேலை மாதிரி இருந்ததால் எனக்குப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அலைகளை நான் மேய்க்கத் தொடங்கிவிட்டேன். "அண்ணை, உந்தக் கடைசி அலை சரியில்லை. பாதியிலேயே நிண்டிட்டுது. இந்தப் பக்கத்து அலையள் பிந்தி வருகுதுகள்."

"அலைக்கு நீர் சம்பளம் குடுக்கேல்லை," என்றார். "விடும்."

விட்டேன். விடவும் எனக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கடுத்த நாள்களில் ஒன்றில் நான் கதிரையிலேயே நித்திரையாகிப்போனேன். கண் விழித்தபோது என் தொப்பியை ஓர் ஆடு பாதிக்குமேல் தின்று முடித்திருந்தது. முந்திய நானாக இருந்தால் ஆட்டுச் சொந்தக்காரனைத் தேடிப் போயிருப்பேன். அன்றைக்கு ஆட்டைப் பார்த்தேன், ஆடு என்னைப் பார்த்தது, இருவரும் பேசாமல் இருந்தோம். உர்லாப்பர் கடலைப் பார்த்தபடியே, "நல்லது," என்றார். என் வாழ்க்கையில் எனக்கு எத்தனையோ பாராட்டு கிடைத்திருக்கிறது. அந்த 'நல்லது' அதில் மேல்தட்டில் இருக்கிறது.

ஆனால் ஹனோவரில் என் மனைவி, டோர்ட்முண்டில் இருக்கும் என் அக்காவிடம், அவவிடம் மட்டும், ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, தீவின் பெயரைச் சொல்லிவிட்டாள். அவளில் நான் பிழை சொல்லமாட்டேன். எங்கள் ஆட்களில் ஒருவனுக்கு நெஞ்சில் கம்பி வைத்தால், அவனைப் போய்ப் பார்க்காமல் விடுவது கொலைக்கு அடுத்த குற்றம். நோயாளி கட்டிலில் கிடந்தாலென்ன, கடலுக்கு நடுவில் கிடந்தாலென்ன, பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கவேண்டும்.

அடுத்த படகு வந்தபோது நாங்கள் கதிரையில்தான் இருந்தோம். படகிலிருந்து முதலில் ஒரு வாழைப்பழச் சீப்பு இறங்கியது. அதற்குப் பின்னால் என் அக்கா. அக்காவுக்குப் பின்னால் அத்தான், அத்தானுக்குப் பின்னால் மச்சான்மார், மச்சாள்மார், டோர்ட்முண்டிலும் ஸ்ருட்காட்டிலும் எங்களுக்கு இருக்கும் சொந்தத்தில் நடக்கக்கூடிய அத்தனை பேரும். கையில் தோடம்பழம், பால்மா, புட்டுக் குழல். தீவில் அரிசிமா கிடைக்காது என்று ஒரு மூட்டை அரிசிமாவும். ஒரு மனிதனுக்காக இத்தனை பேர் கடல் கடந்து வருகிறார்கள் என்றால் அந்த மனிதன் யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

உர்லாப்பர் எழும்பி யானிசின் கடைப் பக்கம் போனார். இத்தனை வருடம் பொத்திவைத்த இடம் அது. கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன்.

வந்தவர்கள் என்னைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டார்கள். அக்கா என் கன்னத்தைத் தடவி, "பாதியாப் போனாய், தம்பி," என்றா. நான் நிறை கூடியிருந்தேன். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு எனக்குத் தைரியம் சொல்லத் தொடங்கினார்.

"மச்சான், நீ ஒண்டுக்கும் யோசியாதை. எங்கட மேல்வீட்டுக்காரருக்கும் உதே கம்பிதான் வைச்சது. நல்லாத்தான் இருந்தவர். கோப்பி குடிச்சுக்கொண்டு இருந்தவர். பாத்தா கோப்பை மேசையில, ஆள் நிலத்தில."

"கோப்பி கூடாது," என்றார் ஸ்ருட்காட் மச்சான்.

"எங்கட பக்கத்தில ஒராள் தேத்தண்ணிதான் குடிச்சவர்," என்றா ஒரு மச்சாள். "அவரும் போய்ச் சேந்திட்டார்."

"அவருக்கு முதல்ல இடக் கை விறைச்சதாம்," என்றார் அத்தான். "உனக்குக் கை விறைக்குதோ?"

அதுவரை விறைக்கவில்லை. அவர் கேட்டதும் விறைத்தது. நெஞ்சு அடைத்தது, வியர்த்தது. டொக்டர் தந்த ஸ்பிறே மருந்தை எடுத்து நாக்குக்குக் கீழே அடித்தேன். அதைக் கண்டதும் இரண்டு மச்சாள்மார் அழத் தொடங்கினார்கள். சுற்றிவர முகம். கடல் தெரியவில்லை, வானம் தெரியவில்லை, என் செத்தவீட்டுக்கு முன்கூட்டியே வந்தவர்களுடைய முகங்கள்தான் தெரிந்தன. ஓய்வெடுக்க வந்த இடத்தில் சொந்தக்காரர் கையால் சாகப்போகிறேன் என்று நினைத்தேன்.

அப்போது மணலில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. உர்லாப்பரும் யானிசும் கடையில் இருந்த கதிரைகளை எல்லாம் இழுத்துக்கொண்டு வந்தார்கள். என் கதிரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேர்வரிசையாகப் போட்டார்கள். எல்லாம் கடலைப் பார்த்து.

"தூரத்தில இருந்து வந்தனியள். இருங்கோ," என்றார் உர்லாப்பர்.

அத்தான் ஒரு கதிரையை என் பக்கம் திருப்பப் பார்த்தார். உர்லாப்பர் மெதுவாக அதை வாங்கி, மறுபடி கடல் பக்கம் வைத்தார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உதென்ன பஸ்ஸில இருக்கிற மாதிரி? முகத்தைப் பாராமல் என்னண்டு சுகம் விசாரிக்கிறது?"

"கடலைப் பாத்துக் கேளுங்கோ, அக்கா. தம்பிக்குக் காது நல்லாக் கேக்கும்."

வேறு வழியில்லாமல் எல்லோரும் கதிரைகளில் இருந்தார்கள். அத்தான் விட்ட இடத்திலிருந்து மேல்வீட்டுக்காரரை மறுபடி சாகடிக்கத் தொடங்கினார். ஆனால் ஒரு சாவுக் கதை சொல்வதற்குக் கேட்கிறவனுடைய முகம் வேண்டும். அந்த முகம் வெளிறினால்தான் கதை வளரும். கடலுடைய முகம் வெளிறுமா? "கோப்பை மேசையில..." என்றார். ஓர் அலை வந்து போனது. "ஆள்..." என்றார். இன்னோர் அலை வந்தது. "ம்," என்று நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு ஒருவராலும் கதையைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டார்கள். பிறகு அதுவும் முடிந்தது.

என் நெஞ்சடைப்பு மெல்ல இறங்கியது. அப்போதுதான் பக்கத்தில் இருந்த அக்கா, கடலைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் சொன்னா.

"தம்பி, நீ செத்துப்போவாயோ எண்டு நான் நல்லாப் பயந்திட்டன்."

அக்கா என்னைத் திட்டியிருக்கிறா, பேசியிருக்கிறா, ஒரு வருடம் முழுக்கக் கதைக்காமலும் இருந்திருக்கிறா. இப்படிச் சொன்னதில்லை. முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டா. நானும் ஒருவருக்கும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். "எனக்கும் பயமாத்தான் கிடந்தது, அக்கா."

என் மறுபக்கத்தில் இருந்த உர்லாப்பர் காது கேட்காதவர்போல ஓர் அலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குறட்டை கேட்டது. அத்தான். பிறகு ஸ்ருட்காட் மச்சான். பிறகு மச்சாள்மார். அந்த வரிசையில் இருந்த ஒவ்வொருவரும் ஜெர்மனியில் பாதி வாழ்க்கையை இரவு வேலையிலும் மறுபாதியை அலாரத்தோடும் கழித்தவர்கள். அவ்வளவு காலத்து நித்திரையும் அந்தக் கடற்கரையில் ஒன்றாக வந்து இறங்கியது.

வந்த படகு பின்னேரம் திரும்பிப் போகவேண்டும். ஹோர்ன் அடித்தது. மறுபடி அடித்தது. படகுக்காரன் எங்களைப் பார்த்தான். உர்லாப்பர் அவனைப் பார்த்து, விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். படகு போய்விட்டது.

அத்தான் கண் விழித்தபோது கடலில் ஒன்றும் இல்லை.

"படகு எங்க?"

"போயிட்டுது," என்றார் உர்லாப்பர்.

"எனக்கு நாளைக்கு மறுநாள் விடியக்காலம வேலை. ஏனண்ணை எழுப்பேல்லை?"

"நீங்கள் நித்திரையா இருந்தியள்."

வேறு விளக்கம் கிடையாது. அத்தான் விசர் பிடித்தவர்போல மேட்டில் ஏறித் தன் முதலாளிக்குப் போன் அடித்தார். நாங்கள் கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம். முதலில் மன்னிப்புக் கேட்டார், பிறகு படகு என்றார், நெஞ்சு என்றார். பிறகு சத்தம் நின்றது. கடைசியில் ஒரே ஒரு சொல் கேட்டது. "உர்லாப்." இறங்கி வந்தவர் தன்னுடைய கதிரையில் போய் இருந்தார், கடலைப் பார்த்து.

அடுத்த படகு வரும்வரை எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். யானிசின் அறைகள் நிரம்பின. அக்கா புட்டு அவித்தா. பாதிரியாரும் வந்து சாப்பிட்டார், தேவாலயத்துத் தரையைக் காட்டி எனக்கு நன்றி சொன்னார் என்றுதான் நான் நினைக்கிறேன். மேல்வீட்டுக்காரருடைய கதை மறுபடி வரவில்லை.

ஹனோவருக்குத் திரும்பியதும் டொக்டர் சோதித்துப் பார்த்தார். என்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்டார். கதிரை என்றேன். மூத்தவள் வேலையை விடவில்லை. இப்போது காலையில் ஆட்களுக்கு வேலை பிரிப்பது அவள்தான். நான் பிரிப்பதைவிட ஒரு சொட்டுக் குறைவாக, ஆனால் நன்றாகத்தான் பிரிக்கிறாள். டோர்ட்முண்டிலிருந்து அக்கா அடிக்கடி எனக்குப் போன் எடுத்து, "இந்த மனுசன் பல்கனியில றோட்டைப் பாத்துக்கொண்டு இருக்குது, நீங்கள் ரெண்டுபேரும்தான் கெடுத்தனியள்," என்று சொல்லுவா. பின்னால் இன்னொரு கதிரை இழுபடும் சத்தமும் கேட்கும்.

அடுத்த கோடையில் அக்கா அந்தத் தீவைப் பற்றி எல்லோருக்கும் சொல்லிவிட்டா. படகு நிறையத் தமிழர். யானிஸ் மேலே இன்னொரு மாடி கட்டுகிறாராம், கடையில் புட்டும் விற்கிறாராம். உர்லாப்பர் கோபிக்கவில்லை. யானிசுக்கு நல்ல காலம் வந்தது என்று சந்தோசப்பட்டார். பிறகு வேறு ஒரு தீவைக் கண்டுபிடித்துப் போய்விட்டார்.

எந்தத் தீவு என்று எனக்கு மட்டும் சொன்னார். எங்கள் வீட்டுக்கு என் பேத்தியின் பிறந்தநாளுக்கு வந்தவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தபடியே, "தம்பி, அங்க ரெண்டு கதிரைதான் கிடக்கு," என்றார்.

என் வாயில் ஒன்றும் நிற்காது என்று ஹனோவர் முழுக்கத் தெரியும். இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்பதைக்கூட எழுத முன்னமே ஊருக்குச் சொன்னவன் நான். ஆனால் அந்தத் தீவின் பெயர் மட்டும் என் மனைவிக்குத் தெரியாது, அக்காவுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியவராது. வருகிற மாதம் போகிறேன். வலப் பக்கத்துக் கதிரை என்னுடையது.